காஸ்ட் அயர்ன் புல்லட்டின் பிக் எண்ட்: கடை புஷ்ஷா, லேத் புஷ்ஷா, ரோலர் கிட்டா?

காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் 350-ன் கிராங்க்கைப் பிரித்துவிட்டால் பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராட் கிராங்க் பின்னோடு சேரும் அடிமுனைக்கு, இன்று மூன்று வழி இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஃபுளோட்டிங் புஷ்ஷை (ராடுக்கும் பின்னுக்கும் நடுவில் மிதக்கும் வளையம்) வாங்கிப் போடலாம். லேத்தில் கொடுத்து புஷ் கடைந்து வாங்கலாம். புஷ்ஷே வேண்டாம் என்று ராட், கிராங்க் பின், ரோலர் எல்லாம் சேர்ந்து வரும் ரோலர் கிட்டுக்கு மாறிவிடலாம். மூன்றையும் அளவு எடுத்து, எது எங்கே நிற்கும், எது எதனால் போகும் என்று எழுதுவதுதான் இந்த விமர்சனம். கூடவே கிராங்க்கை இரண்டு பக்கமும் தாங்கும் மெயின் பேரிங் பற்றியும் சொல்ல வேண்டும். பிக் எண்டுக்குச் செலவழித்துவிட்டு மெயின் பேரிங்கில் கோட்டைவிடுவது அடிக்கடி நடக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குள்ளும் ஹைவேயில் நிதானமாகவும் ஓடும் 350-க்கு ஃபுளோட்டிங் புஷ்ஷே போதும். அதைப் பழசு, மட்டம் என்று ஒதுக்குவது தவறு. 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) உள்ள இந்த எஞ்சின் மெதுவாகச் சுற்றி இழுப்பதற்கென்று செய்தது. புஷ் போகிறதென்றால் முக்கால்வாசி நேரம் குற்றம் புஷ்ஷில் இல்லை. அதற்கு ஆயில் போய்ச் சேரவில்லை, அல்லது போட்டவர் அளவு பார்க்கவில்லை.

இந்த புஷ், ராடிலும் இறுக்கமாக இருக்காது, பின்னிலும் இறுக்கமாக இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஆயிலில் மிதந்துகொண்டு, கிராங்க்கின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் தானும் சுற்றும். அதனால் உள்ளே ஒரு ஆயில் படலம், வெளியே ஒரு ஆயில் படலம். வேகம் இரண்டாகப் பிரிவதால் தேய்மானமும் சூடும் பிரிகின்றன. இரண்டு இடைவெளி இருப்பதால், ஆயில் இல்லாமல் காய்ந்த நிலையில் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் நல்ல புஷ்ஷிலும் லேசான ஆட்டம் கைக்குத் தெரியும். ரோலர் பிக் எண்டைப் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பார்த்துவிட்டு "பிக் எண்ட் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னதும் பிரிக்க வேண்டாம். முதலில் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். எலிமென்ட்டின் மடிப்பில் வெள்ளித் தூள் மின்னுகிறதா? அதைக் காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். ஒட்டாத சாம்பல் நிறத் தூள் என்றால் புஷ்ஷின் மேல் பூசியிருக்கும் ஒயிட் மெட்டலாக (மென்மையான உலோகக் கலவை) இருக்கலாம், பிஸ்டன் அலுமினியமாகவும் இருக்கலாம். ஒட்டுகிற செதில் என்றால் பேரிங்கோ கியரோ உரிகிறது. சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. பிக் எண்ட் நாக்கிங், இழுவை கொடுக்கும்போது அடியிலிருந்து கனமாக வரும். மெயின் பேரிங் அரைக்கிற மாதிரி ஒரு உறுமலாகக் கேட்கும், ஃபுட்ரெஸ்ட்டில் அதிர்வு தெரியும்.

முதலில் கடை புஷ். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் கிடைக்கும், புதுப்பேட்டையில் பழைய ஸ்டாக்கும் சிக்கும். எஃகு உடம்பில் உள்ளும் புறமும் மெட்டல் பூச்சு, சுற்றிலும் ஆயில் ஓட்டைகள். வாங்கும்போது கடைக்கே மைக்ரோமீட்டர் எடுத்துப்போய் அளப்பது நல்லது. வெளிவிட்டத்தை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: இரண்டு ஓரம், நடு. ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை. ஆறு அளவும் 0.01 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் எடுக்கலாம். மெல்லிய சுவர் என்பதால் பெட்டியில் அமுங்கி முட்டை வடிவமாகிவிட்ட புஷ் நிறைய உண்டு. அப்படிப்பட்டதைப் போட்டால் ஒரு பக்கம் பிடிக்கும், இன்னொரு பக்கம் ஆயில் வழிந்து போகும்.

அடுத்தது ஆயில் ஓட்டைகள். கடை புஷ்களில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். துளையிட்டபின் விளிம்பில் பிசிறு எடுக்காமலே வருகின்றன. நகத்தை ஓட்டையின் மேல் வைத்து இழுத்தால் தட்டும். அந்தப் பிசிறு உடைந்து, ஆயில் படலத்துக்குள் போய், முதல் 50 கிலோமீட்டரிலேயே பின்னில் கோடு போட்டுவிடும். பெரிய டிரில் பிட்டைக் கையில் பிடித்து ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு சுற்று சுற்றினால் போதும். உள்பக்கத்துக்கு ஸ்கிரேப்பர். பிறகு மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, ஒவ்வொரு ஓட்டையையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. புஷ்ஷின் ஆயுளை இதைவிட நீட்டிக்கிற வேலை வேறு இல்லை.

இனி லேத் புஷ். பின்னில் கோடு விழுந்து, அதை கிரைண்டிங் செய்து சிறிதாக்கிவிட்டால் கடை புஷ் பொருந்தாது, கடைந்துதான் ஆக வேண்டும். நல்ல கையில் கொடுத்தால் இந்த மூன்றில் மிகச் சரியாகப் பொருந்துவதும் இதுதான். கெட்டால் மிக மோசமாகக் கெடுவதும் இதுதான். காரணம், லேத்தில் கொடுத்ததும் "கன்மெட்டல் போட்டுடறேன்" என்பார்கள். கன்மெட்டல், அதாவது ஒரு வகை வெண்கலம், நல்ல சரக்குதான். எஃகு புஷ்ஷுக்குச் சொன்ன இடைவெளியை கன்மெட்டல் புஷ்ஷுக்கும் வைப்பதில்தான் பிரச்சினை.

கணக்கைப் பாருங்கள். புஷ்ஷின் வெளிவிட்டம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், எஞ்சின் 80 டிகிரி சூடு ஏறுகிறது. எஃகு ராடின் துளை சுமார் 0.05 மி.மீ. விரியும். கன்மெட்டல் புஷ் சுமார் 0.07 மி.மீ. விரியும். அதாவது வெளிப்பக்க இடைவெளியில் 0.02 மி.மீ.க்கு மேல் காணாமல் போகிறது. குளிர்ந்த நிலையில் "கச்சிதமா இருக்கு சார்" என்று 0.02 வைத்துக் கொடுத்திருந்தால், சூடானதும் புஷ், ராடில் பிடித்துக்கொள்ளும். மிதக்க வேண்டியது மிதக்காது. முழு வேகமும் உள்பக்கத்துக்கு வந்துவிடும். அங்கேயோ கன்மெட்டல் விரிந்ததால் இடைவெளி கூடியிருக்கும், ஆயில் நிற்காது. அலுமினியம் ராடாக இருந்தால் கதை நேர் எதிர். அலுமினியம் அதே சூட்டில் 0.09 மி.மீ. விரியும், வெளிப்பக்கம் லூஸாகும். ஆகவே லேத்துக்குப் போகும் முன் ராடில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் அலுமினியம். எந்த உலோகத்துக்கு எவ்வளவு என்பதை நீங்கள் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துபோகும். எஃகு ராடும் கன்மெட்டல் புஷ்ஷும் என்றால், எஃகு புஷ்ஷுக்கு வைக்கும் வெளி இடைவெளியோடு இந்த 0.02-ஐக் கூட்டியும், உள் இடைவெளியில் கொஞ்சம் குறைத்தும் வைக்க வேண்டும்.

சரக்கு விஷயத்திலும் கவனம் வேண்டும். உள்ளூரில் பழைய பித்தளைச் சாமான்களை உருக்கி ஊற்றிய கட்டியில் குமிழ் ஓட்டைகள் இருக்கும். கடையும்போது சில தெரியும், பல தெரியாது. கன்டினியூவஸ் காஸ்டிங் முறையில் வந்த குழாய் வடிவ பார் கேட்டு வாங்குங்கள். பாஸ்பர் பிரான்ஸ் கடினமானது, பின் நன்றாகக் கடினப்படுத்தப்பட்டிருந்தால் மட்டும் அதைப் போடலாம். மென்மையான பின்னில் பாஸ்பர் பிரான்ஸ் போட்டால் புஷ் நிற்கும், பின் தேயும். ஈயம் கலந்த பிரான்ஸ் இந்த இடத்துக்கு இன்னும் நல்லது. ஆயில் ஒரு நொடி குறைந்தாலும் அந்த ஈயம் காப்பாற்றும், சிறு தூசியைத் தன்னுள் புதைத்துக்கொள்ளும்.

கடைவதில் ஒரு ஒழுங்கு உண்டு. உள்ளும் வெளியும் ஒரே பிடியில் கடைந்துவிட்டு, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டும். சக்கில் திருப்பிப் பிடித்தால் இரண்டு விட்டமும் ஒரே மையத்தில் இருக்காது, மெல்லிய சுவர் தாடைக்கு ஏற்ப நெளியவும் செய்யும். ஓட்டைகளை முதலிலேயே போட்டுவிட்டு, கடைசல் வெட்டைப் பிறகு எடுத்தால் பிசிறு தானாகவே குறையும். ஓட்டைகள் ஒரே வரிசையில் வரக் கூடாது, மாற்றி மாற்றி வர வேண்டும். இன்னொன்று: லேத்திலிருந்து எடுத்த கையோடு, சூடாக இருக்கும்போது அளக்கக் கூடாது. 50 மி.மீ. கன்மெட்டல் வளையம் 20 டிகிரி சூடாக இருந்தாலே 0.018 மி.மீ. பெரிதாகக் காட்டும். நாம் வைக்க நினைக்கும் இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். பின், ராட், புஷ் மூன்றையும் ஒரே மேஜையில் இரவு முழுக்க வைத்துவிட்டு காலையில் அளப்பதுதான் சரி. ராடின் துளைக்கு டயல் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) உள்ள கடையாகப் பாருங்கள். வெர்னியரை வைத்துக்கொண்டு இந்த வேலை செய்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பின்னை எவ்வளவு கிரைண்ட் செய்யலாம்? மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்ட பின்னில், கிரைண்டிங் ஆழமாகப் போனால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு வெளியே வந்துவிடும். கிரைண்டிங் முடிந்ததும் ஓரத்தில் ஒரு நல்ல அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி, கடித்தால் அந்தப் பின்னை விட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.

மூன்றாவது ரோலர் கிட். இதைப் பற்றி எதிர்பார்ப்பு அதிகமாக இருக்கிறது. அதிக வேகத்துக்கு, நீண்ட ஹைவே ஓட்டத்துக்கு ரோலர் நல்லதுதான். ஆயில் அழுத்தம் குறைந்தாலும் தாங்கும், ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் தேயாது. ஆனால் இந்தக் கிட்டில் பார்க்க வேண்டியது ரோலரையோ அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டையோ (கேஜ்) அல்ல, பின்னையும் ராடின் உட்துளையையும். புஷ்ஷில் பாரம் ஒரு பரப்பின் மேல் விழுகிறது. ரோலரிலோ தலைமுடி போன்ற ஒரு கோட்டின் மேல் விழுகிறது. அதனால் பின்னும் ராடின் தடமும் கடினத்தன்மையில் ராக்வெல் சி அளவில் 58-க்கு மேல் இருக்க வேண்டும், கடினமான தோலும் போதிய ஆழம் இருக்க வேண்டும். தோல் மெல்லியதாக இருந்தால் முதலில் எதுவும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு தடத்தில் சின்னச் சின்னக் குழிகளாக உரிய ஆரம்பிக்கும், பிறகு வேகமாகப் போகும். பெயர் இல்லாத பெட்டியில் வரும் கிட்டை வாங்கினால், கடினத்தன்மை சோதிக்கும் கடையில் பின்னை ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். வேலை செய்யாத ஓரப்பகுதியில் ஒரு புள்ளி வைத்தாலே தெரிந்துவிடும்.

கிட்டில் வரும் ராடின் எடை இன்னொரு சிக்கல். பழைய ராடைவிடக் கனமான ராட் போட்டால் கிராங்க்கின் பேலன்ஸ் மாறும். முன்பு 60-ல் சுகமாக ஓடிய வண்டி, அதே 60-ல் ஹேண்டில்பாரில் கை மரத்துப்போகிற அளவு அதிரும். பிக் எண்ட் மாற்றியதும் "வைப்ரேஷன் வந்துடுச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணமாக இருக்கும். பழைய ராடையும் புதிய ராடையும் படுக்கை வசமாகப் பிடித்து, பிக் எண்ட் பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, ஸ்மால் எண்ட் முனையை மட்டும் தராசில் வைத்து ஒப்பிடுங்கள். முனை எடையில் நல்ல வித்தியாசம் இருந்தால் பேலன்சிங் செய்யாமல் மூடக் கூடாது. ராட், பின், ரோலர் மூன்றும் ஒரே செட்டாக வந்திருந்தால் அப்படியே போடுங்கள். ஒரு கிட்டின் ரோலரை இன்னொரு கிட்டின் ராடில் போடுவது வேண்டாம்.

இந்த மூன்றில் எதைப் போட்டாலும், கிராங்க் அசெம்பிளி செய்பவர் கையில்தான் மீதி இருக்கிறது. இரண்டு முனையிலும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஊசி 0.03 மி.மீ.க்குள் ஆடும்படி அலைன்மென்ட் எடுத்துத் தர வேண்டும். "கண்ணாலேயே பார்த்துடுவேன்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம். முடிந்ததும் டைமிங் பக்க (கேம் கியர்கள் இருக்கும் பக்கம்) ஷாஃப்ட்டின் முனையில் ஆயில் கேனை வைத்து அழுத்துங்கள். பிக் எண்டிலிருந்து ஆயில் கசிந்து வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் பின்னின் ஓட்டை ஃபிளைவீல் ஓட்டையோடு சேரவில்லை, அல்லது உள்ளே பழைய கசடு அடைத்திருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கிராங்க்கை வீட்டுக்கு எடுத்துவரவே கூடாது.

ஆயில் பாதையில் இன்னொரு இடம், டைமிங் கவரில் இருக்கும் கார்க் சீல். பம்ப்பிலிருந்து வரும் ஆயில் கிராங்க்குக்குள் நுழைவது அந்தச் சின்ன கார்க் வழியாகத்தான். காய்ந்து சுருங்கிய கார்க்கை அப்படியே விட்டால், புது புஷ்ஷுக்குப் போக வேண்டிய ஆயில் டைமிங் செஸ்ட்டிலேயே வழிந்துவிடும். விலை மிகச் சொற்பம். ஒவ்வொரு தடவை கவர் திறக்கும்போதும் மாற்றுங்கள், மாட்டும் முன் ஆயிலில் ஊறவையுங்கள். அங்கே இருக்கும் பம்ப் வார்ம் (ஆயில் பம்ப்பைச் சுற்றும் திருகுப் பல்) இடது மரை, அது தெரியாமல் ஸ்பேனரை வழக்கமான பக்கம் திருப்பி உடைப்பவர்கள் உண்டு.

இப்போது மெயின் பேரிங். இது நல்ல செய்தி. ஸ்டாண்டர்ட் சைஸ் பேரிங் எந்தப் பெரிய கம்பெனியிலும் கிடைக்கும். எஸ்.கே.எஃப், எஃப்.ஏ.ஜி, என்.பி.சி எதுவானாலும் அசல் என்றால் போதும், நான் பிராண்டுக்காகச் சண்டை போட மாட்டேன். பழைய வளையத்தின் மேலிருக்கும் எண்ணைப் படித்து அதன்படி வாங்குங்கள், பெட்டியையோ கேட்லாக்கையோ நம்பி வாங்க வேண்டாம். உதாரணத்துக்கு 6305 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 62, அகலம் 17 மி.மீ. அதே அளவில் ரோலர் வேண்டுமென்றால் என்யூ 305. ஏமாறுகிற இடங்கள் இங்கே மூன்று உண்டு.

என்யூ கேட்டால் என்ஜே கொடுத்துவிடுவார்கள். மூன்று அளவும் ஒன்றேதான், பொருந்தவும் செய்யும். ஆனால் என்யூவின் உள்வளையத்தில் விளிம்பு கிடையாது, ஷாஃப்ட் இரண்டு பக்கமும் தாராளமாக நகரும். என்ஜேவில் ஒரு பக்கம் விளிம்பு உண்டு. சூட்டில் கேஸும் (கிராங்க்கை மூடியிருக்கும் எஞ்சின் உடம்பு) கிராங்க்கும் வெவ்வேறு அளவு விரியும்போது அந்த விளிம்பில் முட்டி, பேரிங் பக்கவாட்டு அழுத்தத்தில் சூடேறிப் போகும்.

இரண்டாவது, பழைய என்யூ 305-ல் உள்வளையத்தின் ஓடுதடம் 35 மி.மீ. இன்று வரும் "இ" வகையில் ரோலர் பெரிது, தடம் 34 மி.மீ. கிராங்க்கில் இறுகிப்போன பழைய உள்வளையத்தைக் கழற்றச் சிரமப்பட்டு அதை விட்டுவிட்டு, வெளிவளையத்தை மட்டும் புதிதாகப் போட்டால் இரண்டும் சேராது. சேர்ந்தாலும் தேய்ந்த தடத்தில் புது ரோலர் ஓடுவது வீண். புல்லர் போட்டுக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, சி3, அதாவது உள் இடைவெளி சற்று அதிகமான வகை. பேரிங்கை கேஸிலும் ஷாஃப்ட்டிலும் இறுக்கிப் போடும்போது அதன் உள் இடைவெளி சுருங்கும். 25 மி.மீ. பால் பேரிங்கில் சாதாரண வகைக்கு 5 முதல் 20 மைக்ரான்தான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி, சி3-க்கு 13 முதல் 28. கிராங்க்குக்கு சி3 எழுத்து இருப்பதையே வாங்குங்கள். இரண்டு பக்கமும் ரப்பரோ தகடோ மூடிய பேரிங் இருந்தால் எஞ்சினுக்குள் அது வேண்டாம். திறந்ததாக இருந்தால்தான் எஞ்சின் ஆயில் உள்ளே போகும்.

போலிச் சரக்கு நிறைய ஓடுகிறது. எஸ்.கே.எஃப்பும் எஃப்.ஏ.ஜி.யின் தாய்க் கம்பெனியான ஷேஃப்லரும் அசலா என்று சரிபார்க்க மொபைல் ஆப் வைத்திருக்கின்றன, வாங்கும் முன் கடையிலேயே பாருங்கள். பல வருட பழைய ஸ்டாக் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் உள்ளிருக்கும் காப்பு ஆயில் பசையாகியிருக்கும், கழுவிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்து, தடத்தில் துருப் புள்ளி தெரிந்தால் விட்டுவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றில் பேரிங்கைச் சுழலவிடுவது ஆபத்து, காய்ந்த தடத்தில் கீறல் விழும், கூண்டு உடைந்து பால் பறக்கவும் கூடும்.

மாட்டும்போது சுத்தியலுக்கு வேலையே இல்லை. அலுமினிய கேஸை 110 டிகிரி வரை சூடாக்கினால் 62 மி.மீ. துளை 0.11 மி.மீ. விரியும். பேரிங்கை இரவு ஃப்ரீஸரில் வைத்திருந்தால் அது 0.03 மி.மீ.க்கு மேல் சுருங்கியிருக்கும். நேராகப் பிடித்து விட்டால் "டொக்" என்று உட்கார்ந்துவிடும். கேஸ் ஆறும்வரை வளையத்தைக் கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் லேசாக எழும்பிக்கொள்ளும். சூடாக்காமலே, கட்டைவிரலால் அழுத்தினாலே பேரிங் உள்ளே போகிறது என்றால் அந்தக் கேஸின் துளை தேய்ந்துவிட்டது. எஞ்சின் சூட்டில் கேஸ், பேரிங்கைவிட 0.05 மி.மீ. அதிகமாக விரியும், அப்போது வெளிவளையமே சுற்ற ஆரம்பிக்கும். பஞ்ச் அடித்துப் புள்ளி வைப்பதும் கோந்து போடுவதும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். துளையைப் பெரிதாக்கி ஸ்லீவ் போட்டு, இரண்டு கேஸையும் சேர்த்து மாட்டி ஒரே நேர்கோட்டில் போர் செய்வதுதான் வழி. கோயம்புத்தூரில் இந்த வேலைக்கான மெஷினும் கைத்தேர்ச்சியும் தாராளமாக உண்டு.

யாருக்கு எது என்றால்: பின்னில் கோடு இல்லை, ராட் துளை வட்டமாக இருக்கிறது என்றால் கடை புஷ், பிசிறு எடுத்து. பின் கிரைண்ட் ஆகிவிட்டது, அளவுக்குச் செய்து தரும் லேத் கையில் இருக்கிறது என்றால் லேத் புஷ். ராட், பின் இரண்டுமே போய்விட்டன, ஹைவேயில்தான் அதிகம் ஓட்டுவீர்கள், பேலன்சிங்குக்கும் செலவழிக்கத் தயார் என்றால் ரோலர் கிட்.

மாட்டியபின் முதல் ஆயிலை 100 கிலோமீட்டரில் மாற்றுங்கள், ஃபில்டர் எலிமென்ட்டையும் சேர்த்து. அடுத்தது 500-ல். 20டபிள்யூ50 போதும். ஸ்டார்ட் செய்யும் முன், டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் லீவர்) அழுத்திக்கொண்டு கிக்கரை இருபது முப்பது தடவை மெதுவாக மிதியுங்கள். ஆயில் பிக் எண்டைத் தொடுவதற்கு முன் எஞ்சின் வெடிக்கக் கூடாது. புஷ் போட்ட வண்டியை டாப் கியரில் திணறத் திணற மேட்டில் ஏற்றாதீர்கள். மெதுவான சுழற்சியும் கனமான இழுவையும் சேரும்போதுதான் அந்த ஆயில் படலம் மிகவும் மெலிகிறது, அந்த நேரத்தில் ஒரு கியர் குறைத்தால் புஷ் பிழைக்கும்.